28 ரூபாய்ப் படங்கள்

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்தில் நல்ல பிரிண்டும் சட்டப்படியான பிரிண்டும் ஒரே கடையில், எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 2007இல் ஆரம்பித்து நாலைந்து வருஷம் தாக்குப்பிடித்தது. அதற்கு முன்னால், சட்டப்படி வாங்க ஆசைப்பட்டவனுக்குக் கடை இல்லை. அதற்குப் பின்னால் கடை உண்டு, ஆனால் வாங்கியது நம் அலமாரிக்கு வருவதில்லை. திருட்டு விசிடி பற்றி மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஜனங்களின் நேர்மையைப் பற்றியே பேசினார்கள். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு டிவி தொழிற்சாலையில் திரையைச் சோதிக்கிற மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து புள்ளி பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்து, எந்தப் படத்தை எங்கே வாங்குவது என்பதை முடிவுசெய்தது இரண்டு விஷயம்தான். வீட்டில் இருந்த டிவி எத்தனை இஞ்ச், கடைக்காரர் சொன்ன விலை எவ்வளவு.

முதலில் டெக், அதாவது வீடியோ கேசட் போட்டுப் படம் ஓட்டுகிற பெட்டி. எங்கள் மாமா பூந்தமல்லியில் டெக் வாடகைக்கு விட்டவர். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்தது. அடுத்த சில வருஷங்களில் ஊருக்கு ஊர் இந்த வாடகைத் தொழில் முளைத்தது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதிக்கு முந்தின ராத்திரி கண்விழிக்க என்று ஏதாவது ஒரு சாக்கு இருந்தால் போதும். கலர் டிவி, டெக், மூன்று கேசட் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு ஒரு வாடகை. டிவியைப் போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டி, பின்னால் ஒருத்தன் பிடித்துக்கொண்டே நடந்து போவான். படம் வீட்டுக்குள் ஓடாது, தெருவில்தான் ஓடும். "குடும்பத்தார் வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டும்" என்று கேசட் ஆரம்பத்திலேயே எழுத்து வரும். அது வருகிறபோது எதிரே நூறு பேர் பாயில் உட்கார்ந்திருப்பார்கள்.

விஎச்எஸ் கேசட்டில் படத்தின் தெளிவு ஏறக்குறைய 240 கோடு. தூர்தர்ஷனில் நேரடியாக வருகிற படத்தைவிடக் குறைவு. அதுவும் முதல் பிரதியாக இருந்தால்தான். மாமா கடைக்கு வருகிறவை பெரும்பாலும் ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்கு இழுத்தவை, அதிலிருந்து மறுபடி இழுத்தவை. ஒவ்வொரு இழுப்பிலும் கலர் கொஞ்சம் கொஞ்சமாக வழியும். சிவப்புச் சேலை கட்டிய நாயகி நகர்ந்தால், சேலை ஒரு நொடி தாமதித்துப் பின்னால் வரும். படம் ஓடும்போதே திரையில் பனி விழ ஆரம்பித்தால் டெக்கின் ஹெட்டில் அழுக்கு. மாமா மூடியைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து மடிப்பு விழாத புது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, சுழல்கிற அந்த உருளையில் ஒட்டினாற்போல் வைத்து மெதுவாகத் திருப்புவார். நோட்டில் கறுப்பாகக் கோடு விழும். "ஆச்சு, போடு" என்பார். ஏரிக்கரை ஈரத்தில் கேசட்டுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை பிடிப்பது தனி வியாதி. அப்படி ஒரு கேசட்டை ஓட்டினால் அடுத்தடுத்த கேசட்டுக்கும் டெக் வழியாகத் தொற்றிவிடும். அதனால் மழைக்காலத்தில் அவர் வாசனை பார்த்துத்தான் கேசட்டை உள்ளே தள்ளுவார்.

சட்டம் அப்போதே இருந்தது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தி, வீடியோவுக்கென்றே 52ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். கேசட்டின் மேலும் அட்டையிலும் சென்சார் சான்றிதழின் நகல், தயாரித்தவர் பெயர் விலாசம், உரிமை வாங்கியிருக்கிறோம் என்ற உறுதிமொழி எல்லாம் இருக்க வேண்டும். மாமாவின் அலமாரியில் அப்படிப்பட்ட அட்டையோடு வந்தவை ராஜ் வீடியோ விஷன் மாதிரியான கம்பெனிகளின் கேசட்டுகள். அந்த வீடியோ வியாபாரத்திலிருந்து வளர்ந்ததுதான் 1994இல் ராஜ் டிவியானது. மற்றதெல்லாம் வெறும் கறுப்புக் கேசட், ஸ்கெட்ச் பேனாவில் படத்தின் பெயர். வாடகைக்கு எடுக்க வருகிறவர் அட்டையைப் பார்த்து நான் பார்த்ததில்லை. "பிரிண்ட் எப்படி மாமா?" என்று மட்டும் கேட்பார்கள். ஊருக்கே அவர் மாமா.

விசிடி வந்ததும் டெக் ஒரே மூச்சில் போனது. 1993இல் வகுத்த தரம் அது. படம் 352க்கு 288 புள்ளி, ஒரு தட்டில் 74 நிமிஷம். தமிழ்ப் படம் இரண்டரை மணி நேரம் என்பதால் இரண்டு தட்டு, சில படங்களுக்கு மூன்று. "டிஸ்க் மாத்து" என்ற குரல்தான் இடைவேளை. தெளிவு என்று பார்த்தால் விஎச்எஸ்ஸைவிடப் பெரிதாக ஒன்றும் மேல் இல்லை. ஆனால் எத்தனை பிரதி எடுத்தாலும் முதல் பிரதி மாதிரியே இருக்கும். டெக்கில் மூன்றாவது இழுப்பிலேயே படம் செத்துவிடும் என்பது கள்ளப் பிரதிக்கு ஒரு இயற்கைக் கட்டுப்பாடாக இருந்தது. விசிடி அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. அதன் பலவீனம் வேறு இடத்தில். மழைக் காட்சி, புகை, மேலேயிருந்து காகிதப்பூ கொட்டுகிற பாட்டு என்று திரை முழுக்க ஒரே நேரத்தில் அசைகிற எதையும் அதனால் தாங்க முடியாது. உடனே கட்டம் கட்டமாக உடையும். மழையில் பாட்டு இல்லாத தமிழ்ப் படம் எங்கே இருக்கிறது?

சரக்கு வந்த இடம் பர்மா பஜார். பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பியவர்களுக்காக 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அமைந்த கடை வரிசை. பூந்தமல்லியிலிருந்து பாரிமுனைக்கு நேர் பஸ் உண்டு என்பதால் எங்களுக்கு அது தூரமும் இல்லை. அங்கே பிரிண்டுக்குத் தரவரிசையே இருந்தது. படம் வந்த வாரம் கேமரா பிரிண்ட். முன் வரிசைக்காரர் எழுந்து போகிற தலை, விசில், கைக்குழந்தை அழுகை எல்லாம் படத்தோடு இலவசம். சில மாதம் பொறுத்தால் டிவிடி பிரிண்ட். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தக் கதையின் மொத்த வினோதமும் இருக்கிறது. திருட்டுப் பிரதியின் தாய்ப் பிரதி, சட்டப்படி விற்ற டிவிடி. லண்டன் அய்ங்கரன் மாதிரியான கம்பெனிகள் வெளிநாட்டு உரிமையை முறையாகக் காசு கொடுத்து வாங்கி, லண்டன், டொராண்டோ, பாரிஸ் வாழ் தமிழர்களுக்காக நல்ல தரத்தில் டிவிடி போட்டார்கள். உள்ளூரில் தியேட்டர் வசூலும் சேட்டிலைட் உரிமையும் கெடும் என்று தயாரிப்பாளர்கள் புதுப் படத்தின் வீடியோவை இங்கே விற்க விடவில்லை. ஸ்கார்பரோவில் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போய் நியாயமாக வாங்கிய படத்தை, அது எடுக்கப்பட்ட ஊரில் இருக்கிறவன் நியாயமாக வாங்க வழியில்லை. யாரோ ஒருவர் அந்த டிவிடியைப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவருவார். மறுநாள் பர்மா பஜாரில் கிடைக்கும். அவை வெளிநாட்டு என்டிஎஸ்சி முறையில் இருந்ததால், பழைய பால் (PAL) முறை டிவிகளில் சிலதில் கலர் போய்க் கறுப்பு வெள்ளையாக ஓடும். "பழைய படம் மாதிரி இருக்கே" என்று கேட்டவர்களுக்கு நானே விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

அரசாங்கம் பார்த்த வைத்தியம் குண்டர் சட்டம். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் விற்பவர், குடிசைப்பகுதி நிலத்தை அபகரிப்பவர் ஆகியோருக்காக 1982இல் வந்த சட்டத்தில், 2004இல் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். பிடிபட்டவர்கள் பெரும்பாலும் பிளாட்பாரத்தில் தார்ப்பாய் விரித்துத் தட்டு விற்ற பையன்கள். இந்தச் சட்டம் வந்த பிறகும் சட்டப்படி வாங்கக் கடை வரவில்லை என்பதை யாரும் பேசவில்லை.

கடை வந்தது வடக்கேயிருந்து. மோசர் பேர் என்று ஒரு நொய்டா கம்பெனி. 1983இல் தொடங்கியது. எழுதாத வெற்றுத் தட்டுகள் செய்து உலகம் முழுக்க விற்பதில் பெரிய கை. தட்டு செய்கிறவர்களே படமும் விற்றால் என்ன என்று கிளம்பி, பல மொழிகளில் ஆயிரக்கணக்கான படங்களின் வீடியோ உரிமையை மொத்தமாக வாங்கினார்கள். விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய். அதுவரை ஒரிஜினல் டிவிடி என்றால் சில நூறு ரூபாய். திருட்டு விசிடி விற்ற விலைக்கே ஒரிஜினல்! கண்ணாடிபோல் வழவழப்பான பிளாஸ்டிக் பெட்டி கிடையாது, மெல்லிய உறைதான். ஆனால் பின்னால் சென்சார் சான்றிதழ் இருந்தது. 52ஏ பிரிவு சொன்னதை இருபது வருஷம் கழித்து எங்கள் ஊர் மளிகைக் கடையில், ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்தில் தொங்கப் பார்த்தேன்.

அது சரியான நேரத்திலும் வந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்திருந்தது. 14 இஞ்ச் பெட்டி. தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போனது. தொழில்முறையில் சொல்கிறேன்: 14 இஞ்ச் குழாய் டிவியை எட்டடி தூரத்திலிருந்து பார்த்தால், விசிடிக்கும் டிவிடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். குழாய்த் திரை புள்ளியின் ஓரத்தை மழுக்கிவிடும். கட்டம் உடைவதும் பாதி மறைந்துவிடும். 28 ரூபாய்ப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான டிவி கிடையாது. அதே சமயத்தில்தான் சாலையில் கம்பெனிகள் வரிசையாக வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதலே கார் செய்துகொண்டிருந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2007இல் சாம்சங். சம்பளம் வாங்கிய பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகிற வழியில் தட்டு வாங்கினார்கள். அம்மாவுக்கு ஒரு சிவாஜி படம், தனக்கு ஒன்று. வீட்டில் படம் சேர்ப்பது என்ற பழக்கமே எங்கள் தெருவில் அப்போதுதான் உண்டானது. டெக் காலத்தில் படம் வாடகைக்கு வந்து போகும். பர்மா பஜார் தட்டை யாரும் அடுக்கி வைப்பதில்லை, பார்த்துவிட்டு ஆட்டோவிலோ காக்கா விரட்டவோ தொங்கவிடுவார்கள். 28 ரூபாய்த் தட்டைத்தான் அலமாரியில் நிறுத்தி வைத்தார்கள்.

குறை சொல்ல நிறைய உண்டு. புதுப் படம் சுலபத்தில் வராது. பழைய படங்களின் பிரிண்ட், ஏதோ ஊர்த் தியேட்டரில் ஓடித் தேய்ந்த ரீலிலிருந்து எடுத்ததுபோல் கீறலோடு இருக்கும். கலர் பழுத்திருக்கும். பிற்பாடு 'மூன்று படம் ஒரே டிவிடி' என்று வந்தவற்றை வாங்கக்கூடாது என்று நான் எல்லாரிடமும் சொல்லுவேன். கணக்கு இதுதான். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை வைத்தால் நொடிக்கு நாலு மெகாபிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும், அருமையாக இருக்கும். மூன்று படம் திணித்தால் நொடிக்கு 1.4 மெகாபிட். விசிடியிலும் படமும் ஒலியும் சேர்த்து அதே 1.4தான். ஆனால் டிவிடியில் படம் 720க்கு 576, விசிடியைப்போல் நாலு மடங்குப் புள்ளி. அதே மாவை நாலு மடங்கு பெரிய கல்லில் இழுத்தால் தோசை கிழியத்தானே செய்யும்? "ஒரே காசுக்கு மூணு படம் கிடைக்குதுண்ணா" என்று லைனில் வேலை பார்த்த தம்பிகள் என் பேச்சைக் கேட்கவே மாட்டார்கள்.

அவர்களே அதற்கடுத்த கட்டத்தையும் தொடங்கிவைத்தார்கள். ஒரகடம், சுங்குவார்சத்திரம், மாம்பாக்கம் பக்கத்து செல்போன் கடைகளில் "மெமரி கார்டில் படம் ஏற்றித் தரப்படும்" என்ற போர்டு வந்தது. 320க்கு 240 புள்ளி, விசிடியைவிட மட்டம். பார்ப்பது இரண்டு இஞ்ச் திரையில் என்பதால் கண்ணுக்கு உறுத்தாது. ஒடிசா, பீகாரிலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கியவர்களுக்கு அவரவர் மொழிப் படம் கிடைத்த ஒரே இடம் அந்தக் கடைதான். அவர்களுடைய படத்தைச் சட்டப்படி விற்கிற கடை இந்த வட்டாரத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது தட்டு வியாபாரமும் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. மோசர் பேர் சூரியமின் தகட்டிலும் தட்டிலும் சேர்த்துக் கடனில் மூழ்கி, 2018இல் கலைப்புக்குப் போனது.

நடுவே தமிழ் சினிமாக்காரர்கள் இரண்டு முறை முயன்றார்கள். 2013இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச் வழியே வீட்டுக்குக் கொடுக்கத் திட்டமிட்டார். தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள், நடக்கவில்லை. 2015 மார்ச்சில் சேரன், 'சினிமா டூ ஹோம்' என்று ஆரம்பித்து, தன்னுடைய 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேராக டிவிடியில் 50 ரூபாய்க்குக் கொடுத்தார். வீட்டுக்கு வீடு முகவர் என்கிற அந்த யோசனை 2007இல் வந்திருந்தால் ஜெயித்திருக்கும் என்பது என் எண்ணம். 2015இல் தட்டு போடுகிற பெட்டியே பல வீடுகளில் பரணுக்குப் போயிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் வெள்ளம். எங்கள் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. டிசம்பர் முதல் தேதி ராத்திரி நொடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்தார்கள். செம்பரம்பாக்கம் என்ற பெயரே பட்டணத்துக்காரர்கள் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஏரிக்கு மேல்புறம் இருந்த நாங்கள் தப்பித்தோம். ஜாஃபர்கான்பேட்டையில் என் தங்கை வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கியது. எங்கள் அம்மாவுக்கென்று நான் சேர்த்துக் கொடுத்த தட்டு அத்தனையும் அங்கேதான் இருந்தன.

தண்ணீர் வடிந்த பிறகு சேற்றோடு அள்ளிவந்து, வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து ஒவ்வொன்றாகக் கழுவினோம். உறைக் காகிதம் கூழாகித் தட்டோடு ஒட்டியிருந்தது. விசிடிகளில் அந்தக் காகிதத்தை உரித்தால் கூடவே வெள்ளிப் பூச்சும் உரிந்து வந்தது. கையில் ஜிகினா, தட்டு கண்ணாடி. டிவிடிகளில் காகிதம் மட்டும் வந்தது. துடைத்துப் போட்டால் ஓடியது. "அண்ணா, இது ரெண்டும் ஒரே கம்பெனிதானே?" என்றாள் தங்கை. கம்பெனி ஒன்றுதான், செய்முறை வேறு. விசிடியில் படம் பதிந்த அலுமினியப் பூச்சு தட்டின் மேல்பக்கம், லேபிளுக்கு அடியில், ஒரு மெல்லிய வார்னிஷ் காப்போடு மட்டும் இருக்கிறது. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தட்டு இரண்டை ஒட்டியது. பூச்சு நடுவில் பத்திரமாக இருக்கும். 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் நடுவே இருந்த ஆறு ரூபாய்க்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. அம்மாவின் சிவாஜி படங்களில் மிஞ்சியவை எல்லாம் டிவிடி.

இப்போது எங்கள் ஊரே சினிமா ஊர். பெங்களூர் சாலையில் ஈவிபி பிலிம் சிட்டி. பிக் பாஸ் வீடு இங்கே, பெரிய நடிகர் படங்களின் செட் இங்கே. 2020 பிப்ரவரியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்ததும் இங்கேதான். அதே வளாகத்தில் பெரிய திரைகளோடு தியேட்டரும் உண்டு. அந்த வருஷம் மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கே போகாமல் அமேசான் பிரைமில் வந்தது. நவம்பரில் 'சூரரைப் போற்று'. இருபது வருஷமாக நாங்கள் கேட்டது ஒரு வழியாகக் கிடைத்தது. புதுப் படம், நல்ல பிரிண்ட், சட்டப்படி, வீட்டிலேயே. தியேட்டருக்குள் கேமரா பிடிப்பவருக்கு 2023இல் திருத்திய சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை, அபராதம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

ஆனால் மாதச் சந்தா நின்றால் படமும் நின்றது. சந்தா கட்டினாலும், உரிமைக் காலம் முடிந்தால் போன வாரம் இருந்த படம் இந்த வாரம் இருக்காது. விலைக்கு ஏற்ற பிரிண்ட் என்கிற பழைய பர்மா பஜார் தரவரிசையும் போகவில்லை. நெட்பிளிக்ஸில் செல்போனுக்கு மட்டுமான குறைந்த விலைச் சந்தாவில் 480 கோடுதான், நல்ல டிவிடியைவிட ஒரு படி கீழே. பழைய தமிழ்ப் படங்களைக் கம்பெனிகளே யூடியூபில் இலவசமாக ஏற்றியிருக்கிறார்கள். சட்டப்படி சுத்தம், பிரிண்ட் பாதிக்குமேல் அதே கீறல் ரீல். 'கர்ணன்' படத்தை 2012இல் சீராக்கித் திரையிட்டபோது நூறு நாளைத் தாண்டி ஓடியதே, அந்த மாதிரி கவனிப்பு கிடைத்த பழைய படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதனால் நான் தட்டுகளை வைத்திருக்கிறேன். மிஞ்சிய டிவிடிகளை ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கியதை என் சொந்த உபயோகத்துக்கு எடுக்கிறேன், யாருக்கும் கொடுப்பதில்லை. வேலை முடிந்தபாடில்லை, ஏனென்றால் கருவி கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. மடிக்கணினியில் தட்டு போடுகிற தட்டம் போய்விட்டது, ரிச்சி தெருவில் வெளியிலிருந்து செருகுகிற மாதிரி வாங்கினேன். புது டிவிகள் சிலதில் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகளே இல்லை. பழைய பிளேயரை இணைக்க எச்டிஎம்ஐ மாற்றி ஒன்று தேவை. இணைத்து 4கே டிவியில் விசிடி போட்டால், தட்டில் உள்ள ஒரு புள்ளியை எண்பது புள்ளிக்கு மேல் விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மழைப் பாட்டு வந்தால் திரை முழுக்கத் தரை ஓடு பதித்தாற்போல் இருக்கும். அதனால் கூர்மை என்கிற செட்டிங்கை பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், படத்தின் அகலத்தை 4:3இல் வையுங்கள், முடிந்தால் படுக்கை அறையில் இருக்கிற சின்ன டிவியில் போடுங்கள்.